கண்டியில் கைத்தொலைபேசிக் கம்பனியைத் தெரிவு செய்பவர் யார்?

புதிதாகக் கைத்தொலைபேசி இணைப்பொன்றை வாங்க நினைக்கும் கொழும்புவாசி கடைக்காரரிடம் முதலிற் கேட்பது, நிமிடத்துக்கு எவ்வளவு, ஒரு மாதத்துக்கு எத்தனை ஜீபீ என்பதாகும். கண்டியிலும் அதனைச் சூழ்ந்த மலைப் பகுதிகளிலும் அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். இங்கு முதலில் கடைக்காரர்தான் கேட்பார்: "நீங்க எந்தப் பக்கம்?" கலஹா என்றால் ஒரு பதில், ரங்கல என்றால் வேறொரு பதில், அக்குறணை என்றால் மற்றொன்று. எந்தக் கம்பனி நல்லது என்ற கேள்விக்குக் கண்டி மாவட்டத்தில் ஒரே விடை என்றைக்குமே இருந்ததில்லை.

இதனை வெறும் தொழில்நுட்பச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. மலை, வீதி, தோட்டம், குடியுரிமை, அரசாங்கம் ஆகிய அனைத்தும் அந்தச் சிறிய சிம் அட்டைக்குள் வந்து சேர்ந்த வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தைப் போல் அமைந்திருக்கின்றது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர் ஆயிரம் மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கின்றது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சிகரங்கள் 1,800 மீற்றரையும் தாண்டுகின்றன. கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் பல தலைமுறைகளாகத் தடுத்து வைத்திருந்தவை இந்த மலைகளே. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், அவர்களுடைய முதற் கவலையும் இந்த மலைகளை எவ்வாறு ஊடறுப்பது என்பதாகவே இருந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அந்தப் பணியில் ஈடுபட்டு 1829இல் இறந்துபோன கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரத்தை இன்றும் காணலாம். 1867இல் புகையிரதமும் கண்டியை வந்தடைந்தது.

வீதியும் சரி, புகையிரதமும் சரி, மலைநாட்டு மக்களின் பயணத் தேவையை முதன்மையாகக் கருதி அமைக்கப்பட்டவை அல்ல. முன்னது படைகளுக்காகவும், பின்னது கோப்பிக்காகவும் வந்தன. கோப்பித் தோட்டங்களுக்கு உழைக்க வந்த தமிழ்த் தொழிலாளர்களோ மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். எங்கே வருமானம் இருக்கின்றதோ அங்கே தொடர்பு முதலிற் போகும். மனிதர்கள் பின்னால் வருவார்கள். கைத்தொலைபேசியின் வரலாறும் இந்த விதிக்கு விலக்காக அமையவில்லை.

தெற்காசியாவின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை இலங்கையில்தான் ஆரம்பமானது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1989இல் செல்டெல் கம்பனி அதனைத் தொடங்கியது. இந்தியாவில் அப்படியொரு சேவை வருவதற்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல்டெலைத் தொடர்ந்து கோல்லிங்க் வந்தது. 1993இல் அவுஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ராவும் ஸ்ரீலங்கா டெலிகொமும் கூட்டாக மொபிட்டெல்லை ஆரம்பித்தன. 1995இல் எம்.ரி.என். நெட்வேர்க்ஸ் என்ற கம்பனி, டயலொக் என்ற பெயரில் ஜீ.எஸ்.எம். முறையிலான டிஜிட்டல் சேவையைக் கொண்டுவந்தது. இரண்டு கோடிக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த ஒரு சிறு தீவில் நான்கு கம்பனிகள் போட்டியிட்டன. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் உருவான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இந்தப் போட்டிக்குச் சட்ட வடிவம் கொடுத்தன.

ஆனால் தெரிவு என்பது அந்நாளில் மிகச் சிலருக்கே உரியதாயிருந்தது. கைத்தொலைபேசி வர்த்தகர்களினதும் வைத்தியர்களினதும் கையில் ஒரு செங்கல்லைப் போல் கனத்துக் கிடந்தது. எங்களைப் போன்ற பிரதேசச் செய்தியாளர்கள் அன்று நம்பியிருந்தது கண்டி நகரத்துக் 'கொமியுனிகேஷன்' கடைகளைத்தான். கையால் எழுதிய செய்தியைப் பெக்ஸ் இயந்திரத்தில் இட்டு, அது கொழும்பில் ஒழுங்காக விழுந்ததா என்று தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே அடுத்த வேலையைப் பார்ப்போம். வீட்டுக்குத் தொலைபேசி கேட்டு விண்ணப்பித்தவர்களோ வருடக்கணக்கிற் காத்திருந்தனர்.

பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2000ஆம் ஆண்டில் நாட்டில் சுமார் நான்கு இலட்சம் கைத்தொலைபேசி இணைப்புகளே இருந்தன. 2002 அளவில் அவற்றின் தொகை நிலையான தொலைபேசிகளின் தொகையைத் தாண்டியது. 2008இல் அது ஒரு கோடியையும் கடந்தது. முற்கொடுப்பனவு அட்டைகளே இந்தப் பெருக்கத்துக்கு வழிவகுத்தன. மாத முடிவில் பட்டியல் அனுப்புவதற்கு முகவரியோ வங்கிக் கணக்கோ தேவைப்படவில்லை. பெட்டிக் கடையில் ஐம்பது ரூபாவுக்கு ஓர் அட்டையைச் சுரண்டினாற் போதும்.

இவ்விடத்தில்தான் மலை குறுக்கிட்டது. கைத்தொலைபேசியின் அலை ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்லும். சமதரையில் ஒரு ஜீ.எஸ்.எம். கோபுரம் கோட்பாட்டளவில் 35 கிலோமீற்றர் வரை எட்டும். மலைநாட்டிலோ முந்நூறு மீற்றர் தூரத்தில் ஒரு முகடு குறுக்கே நின்றால் அத்தோடு முடிந்தது. 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை 1,800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையைவிடக் கூடுதல் தூரம் செல்லும்; தடைகளைச் சுற்றியும் ஓரளவு வளைந்து போகும். எனினும் மலையை எந்த அலையும் துளைத்துக்கொண்டு போவதில்லை. ஆகவே ஒரு கம்பனியின் கோபுரம் எந்தச் சரிவைப் பார்த்து நிற்கின்றது என்பதே அந்தச் சரிவில் வாழ்பவரின் தெரிவைத் தீர்மானித்தது. ஒரே கிராமத்தில் மேல் வீட்டுக்காரர் ஒரு கம்பனியையும் கீழ் வீட்டுக்காரர் வேறொரு கம்பனியையும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட பாறையின் மீது ஏறி நின்று பேசுவதும், ஜன்னல் கம்பியில் கைத்தொலைபேசியைக் கட்டித் தொங்கவிடுவதும் மலைநாட்டில் எவருக்கும் வியப்பளிக்காத காட்சிகள்.

மலைக்கு அடுத்தபடியாகத் தெரிவைத் தீர்மானித்தது உறவு. அழைப்பவரிடம் மாத்திரமன்றி அழைப்பைப் பெறுபவரிடமும் கட்டணம் அறவிடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றைய இளைஞர்களுக்கு இது நம்ப முடியாத கதையாகத் தோன்றலாம். அப்பொழுது உருவானதே 'மிஸ்ட் கோல்' என்னும் மொழி. ஒருமுறை அடித்து வைத்தால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டுமுறை அடித்தால் நீ எடு என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் அகராதியை வைத்திருந்தது. பின்னர் ஒரே கம்பனிக்குள் பேசினால் மலிவு, வெளியே பேசினால் விலை என்ற முறை வந்தது. அதனால் மூத்த மகன் எதை வாங்கினானோ அதையே முழுக் குடும்பமும் வாங்கியது. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையின் இலக்கம் 077 என்றால் தெல்தோட்டையில் இருக்கும் தாயின் இலக்கமும் 077 ஆனது. விளம்பரங்கள் எதைச் சொன்னாலும், பெரும்பாலான வீடுகளில் கம்பனியைத் தெரிவு செய்தவர் முதலில் வேலைக்குப் போன பிள்ளைதான்.

மூன்றாவது விடயம் இவை இரண்டையும்விட ஆழமானது. அதைப்பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

கண்டியைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் லயன் அறைகளுக்கு நீண்ட காலமாகத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேரும். அங்கிருந்து அவை உரியவரின் கைக்கு எப்பொழுது போகும், போகுமா என்பதெல்லாம் காரியாலயத்தின் தயவைப் பொறுத்திருந்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் திகதி கடந்த பின்னர் கிடைத்ததாகச் சொல்லும் இளைஞர்களை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் சந்திக்கலாம். நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மண்ணிலே உழைத்த சமூகம், தன் பெயருக்கு ஒரு கடிதத்தை நேரடியாகப் பெற முடியாதிருந்தது.

அந்தச் சமூகத்துக்குக் கிடைத்த முதலாவது சொந்த முகவரி கைத்தொலைபேசி இலக்கம் என்று நான் கருதுகிறேன். காரியாலயத்தைக் கடக்காமல், கணக்கப்பிள்ளையின் மேசையில் கிடக்காமல், ஒரு செய்தி நேரே லயன் அறைக்குள் வந்து சேர்ந்தது அந்தப் பத்து இலக்கங்களின் மூலமாகத்தான். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயின் குரல் பிள்ளைகளை வந்தடைந்ததும் அதன் வழியேதான். கம்பனிகளின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் தமிழிற் பேசுவதற்கு ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்லும் குரல் கேட்டது. தமிழ் அரசகரும மொழியான பின்னரும் அரசாங்க அலுவலகங்கள் பலவற்றில் கிடைக்காத அந்த மரியாதை ஒரு சிம் அட்டையோடு கிடைத்தது. வியாபார நோக்கத்தினால் வந்த மரியாதைதான்; ஆயினும் மரியாதையே.

ஆனால் அந்த முகவரி யாருடைய பெயரில் இருந்தது? இங்கேதான் சிக்கல் எழுகின்றது. இணைப்பைப் பதிவு செய்வதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் இழுபட்டது. சட்டம் வந்த பின்னரும், பிறப்புச் சான்றிதழ் இல்லாமை, பெயரில் எழுத்துப் பிழை போன்ற காரணங்களால் அடையாள அட்டை பெறாதோர் தோட்டங்களில் இருந்தனர். அவர்கள் கைத்தொலைபேசியை விட்டுவிடவில்லை. உறவினரின் பெயரிலோ, கடைக்காரரின் பெயரிலோ, நண்பனின் பெயரிலோ இணைப்பை வாங்கினர். யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், சிம் அட்டையின் உரிமையாளர் யாரென்பதைப் பாதுகாப்புத் தரப்பு கடுமையாக நோக்கத் தொடங்கிய வேளையில், இந்த இரவற் பெயர்கள் எத்தகைய அச்சத்தை ஏற்படுத்தியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் நிற்கும் தமிழ் இளைஞனிடம் இருக்கும் இலக்கம் வேறொருவரின் பெயரில் இருந்தால், அதன் பொருள் அங்கே வேறு.

இவ்வாறிருக்க, கம்பனிகளின் உலகிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 2009 ஜனவரியில் இந்தியாவின் எயார்டெல் ஐந்தாவது கம்பனியாக இலங்கைக்குள் நுழைந்தது. விலைப் போர் மூண்டது. மக்கள் மகிழ்ந்தனர், ஒன்றுக்கு இரண்டு சிம் அட்டைகளை வைத்திருந்தனர். இரண்டு சிம் போடக்கூடிய மலிவான சீனத் தயாரிப்புகள் அதற்குத் துணைபுரிந்தன. சந்தையின் முன்னணியில் நின்ற டயலொக் 2009இல் பெரும் நட்டத்தைக் காட்டியது. 2010இல் ஆணைக்குழு தலையிட்டு, இதற்குக் குறைவாக அறவிடலாகாது என்று அழைப்புக் கட்டணத்துக்கு ஓர் அடித்தளத்தை விதித்தது. மலிவாகப் பேசும் உரிமைக்கு அரசாங்கமே எல்லை வகுத்த விசித்திரம் அது.

அதன் பின்னர் கம்பனிகள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. 072 என்று ஆரம்பிக்கும் ஓர் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதை வாங்கியவர் முதலில் செல்டெல்லின் வாடிக்கையாளராக இருந்தார். 2007இல் அவர் டிகோவின் வாடிக்கையாளர் ஆனார். 2010இல் எட்டிசலாட், 2018 இறுதியில் நிகழ்ந்த இணைப்பின் பின்னர் ஹட்ச். அவர் இருந்த இடத்தை விட்டு அசையவேயில்லை. நான்கு கம்பனிகள் அவரைக் கைமாற்றிக்கொண்டன. அவ்வாறே 075 வைத்திருந்தவர்கள் 2024இல் எயார்டெல்லிடமிருந்து டயலொக்கின் கைக்கு மாறினர். ஐந்து கம்பனிகள் மூன்றாகச் சுருங்கின. டயலொக், ஸ்ரீலங்கா டெலிகொம் - மொபிட்டெல், ஹட்ச் ஆகியனவே எஞ்சின.

கம்பனிக்கு வாடிக்கையாளரை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் இவ்வளவு இலகுவாகக் கிடைத்தது. வாடிக்கையாளருக்குக் கம்பனியை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமோ அவ்வாறு கிடைக்கவில்லை. இலக்கத்தை மாற்றாமலே கம்பனியை மாற்றும் வசதி பாகிஸ்தானில் 2007இல் வந்தது. இந்தியாவில் 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தெற்காசியாவில் முதன்முதலாகக் கைத்தொலைபேசியைக் கண்ட இலங்கையிலோ அது அவ்விரு நாடுகளுக்குப் பின்னரும் பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே இருந்தது. கம்பனியை மாற்ற வேண்டுமா, இலக்கத்தைக் கைவிடு என்பதே விதியாக இருந்தது. நகரவாசிக்கு இது ஒரு தொல்லை. தோட்டத்தில் இருப்பவருக்கோ அது முகவரியை இழப்பதற்குச் சமம். குவைத்திலிருக்கும் மனைவிக்கும், கொழும்பிலிருக்கும் மகனுக்கும், வைத்தியசாலைக்கும், வங்கிக்கும் தெரிந்த ஒரே முகவரியை யார்தான் எளிதாகக் கைவிடுவார்? சிக்னல் குறைந்தாலும் கட்டணம் கூடினாலும் பழைய இலக்கத்தையே இறுகப் பற்றிக்கொண்டிருந்தோரின் விசுவாசம் கம்பனிக்கு உரியதன்று.

தெரிவின் எல்லை எது என்பதைக் கண்டி மாவட்டம் 2018 மார்ச்சில் கண்டது. திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன நாடு முழுவதும் தடுக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் இணையமே முடக்கப்பட்டது. வெறுப்பைப் பரப்பியவர்கள் அந்த ஊடகங்களைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. அதேவேளை, அக்குறணையிலும் குண்டசாலையிலும் அச்சத்தோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள், உறவினர் எங்கே என்று தேடியதும் அவற்றின் வழியேதான். அந்நாட்களில் எந்தக் கம்பனியின் சிம் என்பது பொருளற்றுப் போயிற்று. உத்தரவு எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. எல்லாக் கம்பனிகளும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிந்தன. சந்தை தந்த தெரிவை அரசாங்கம் ஒரு கடிதத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்த வாரம் கற்பித்த பாடம்.

இயற்கையும் அதே பாடத்தை வேறு விதமாகக் கற்பித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபொழுது, மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லாத கோபுரங்கள் ஊமையாயின. அவ்வாண்டு செப்டெம்பரில் கட்டணங்களும் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை மண்சரிவுகளால் சிதைத்தபொழுது, பல இடங்களில் மின்சாரத்தோடு தொலைத்தொடர்பும் அற்றுப்போயிற்று. மண் எந்த லயத்தை மூடியது, எந்த வீதி எஞ்சியது என்பதை அறிய முடியாமல் வெளியூரிலிருந்தவர்கள் தவித்தனர். மலைநாட்டில் ஒரு கோபுரத்துக்கு எத்தனை மணித்தியாலத்துக்கான மாற்று மின்சாரம் இருக்கின்றது என்பது கம்பனியின் உள்விவகாரம் அல்ல; உயிர் சம்பந்தப்பட்ட பொது விவகாரம்.

எந்தக் கம்பனியை எடுப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சில விடயங்களை மட்டும் சொல்வதுண்டு. விளம்பரத்தில் வரும் நாட்டின் வரைபடத்தை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டுக்குள், மழை நாளில், யாருடைய தொலைபேசி பேசுகின்றது என்று அயலவரிடம் கேளுங்கள். இரண்டு இணைப்பு வைத்திருக்க முடிந்தால், இரண்டும் இரு வேறு கம்பனிகளுடையதாக இருக்கட்டும். கம்பனிகள் இணைந்துவிட்ட காலத்தில், வேறு வேறு இலக்கங்கள் என்பதால் வேறு வேறு கம்பனிகள் என்று கருதிவிட வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, இணைப்பை உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் சொந்த அடையாள அட்டையில் பதிவு செய்யுங்கள். இரவற் பெயரில் இருக்கும் இலக்கம் இரவல் வீட்டைப் போன்றது. உரியவர் எந்த நாளிலும் வந்து கேட்கலாம்.

டோசனின் கோபுரம் வீதி போட்டவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அந்த வீதியில் கல் சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. ஹந்தானை மீது நிற்கும் புதிய கோபுரங்களிலும் கம்பனிகளின் பெயர்கள்தாம் இருக்கும். அவை நாளை மறுபடியும் மாறலாம். கீழே லயன் அறையில் இருக்கும் தாயின் பெயரில் அவளுடைய இலக்கமாவது நிலைத்திருக்க வேண்டும். அதற்கான சட்டத்தையும் நடைமுறையையும் கேட்டுப் பெறுவதே, எந்தச் சிக்னல் நல்லது என்ற விவாதத்தைவிட நமக்கு அவசியமான வேலை.